கடைசி இடத்து ஊரில் ஒரே ஒருத்தர்

“மூணு நாளா நின்னுட்டே இருக்கீங்க... இன்னிக்காவது இந்தக் காபியை வாங்கிக்குங்களேன்!”

இனெஸ் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

பனிமூட்டத்துக்குள்ளிருந்து முதலில் ஒரு கைதான் நீண்டது. கையில் ஆவி பறக்கும் காகிதக் கோப்பை. அப்புறம் மெல்ல மெல்லக் கையின் சொந்தக்காரன் வெளிப்பட்டான். நல்ல உயரம். செம்பட்டைத் தாடி, தாடி முழுக்க வெள்ளைப் பனித்துகள். கண்கள்... அப்பப்பா, அந்தக் கண்கள்! நீலமா, சாம்பலா என்று தீர்மானிப்பதற்குள் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“யாரைச் சொல்றீங்க?”

“உங்களைத்தான். திங்கள், செவ்வாய், புதன். இதே மூலை, இதே மஞ்சள் மஃப்ளர். கூப்பிட்டா திரும்பிப் பார்க்கறதில்லை. காபி நீட்டினா கண்டுக்கறதில்லை. வினிபெக்ல இவ்வளவு திமிர் யாருக்கும் கிடையாதே... டொரன்டோவோன்னு நினைச்சேன்.”

இனெஸுக்குச் சுர்ரென்று வந்தது. டொரன்டோவேதான்! ஆனால் இன்று வியாழக்கிழமை. இந்த ஊரில் அவள் கால் வைத்து இரண்டு மணி நேரம்தான் ஆகிறது.

“நீங்க வேற யாரையோ பார்த்திருக்கீங்க, மிஸ்டர். நான் இன்னிக்குக் காலையிலதான் விமானத்துல வந்தேன்.”

அவன் சிரிக்கவில்லை. அவளையே உற்றுப் பார்த்தான். பிறகு அவள் வாயிலிருந்து புகைபோல வந்த மூச்சைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்ததை அவள் கவனித்தாள்.

“மூச்சு வருது...” என்றான் மெதுவாக. “அப்போ நீங்க இப்பத்தான் வந்திருக்கீங்க.”

இதென்னடா வம்பு! பைத்தியமா இவன்? ஓடிவிடலாமா? ஆனால் அவள் எங்கே ஓடுவாள்? பகல் பதினொரு மணிக்கு, அந்தப் பெரிய நாற்சந்தியில் வேறு ஈ காக்கை இல்லை. குளிர் மைனஸ் முப்பத்தைந்து டிகிரி. தெரு ஓரங்களில் கார்கள், எஞ்சின் உறைந்துவிடாமலிருக்க, மூக்கிலிருந்து மின்கம்பி தொங்க, சுவரில் செருகிக்கொண்டு உறங்கின. மேலே ஒரு சூரியனுக்கு மூன்று சூரியன். நடுவில் நிஜம், இருபக்கமும் இரண்டு பொய். பனித்துகள் செய்யும் வேலை அது என்று இனெஸ் படித்திருக்கிறாள். படித்தது வேறு, அதன் கீழே தனியாக நிற்பது வேறு.

அவள் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். டொரன்டோவில் ஒரு மாதப் பத்திரிகை. வருஷத்துக்கு ஒருமுறை ‘வாழத் தகுந்த இருபத்தைந்து நகரங்கள்’ என்று கனடா முழுக்கப் பட்டியல் போடும். பட்டியல் வரும் வாரத்தில் நாடே அடித்துக்கொள்ளும். வான்கூவருக்குத் தன் அழகைப் பற்றிச் சந்தேகமே கிடையாது. கால்கரியும் எட்மன்டனும் தங்கள் இடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மற்றவர் இடத்தைத்தான் பார்க்கும். மான்ட்ரியால் படிவத்துக்குப் பதிலே எழுதாது. ஹாலிஃபாக்ஸ் தனக்குத் தானே பத்துக்குப் பத்து போட்டு அனுப்பும். டொரன்டோவுக்கோ வேறு ஊர்கள் இருப்பதே பட்டியல் வரும்போதுதான் நினைவுக்கு வரும். கடைசி இடத்துக்கு வினிபெக் பெயரைச் சொல்லிச் சிரிப்பது அந்த அலுவலகத்தில் வழக்கமாகிவிட்டது.

இந்த வருஷம் புதிதாக ஒரு மதிப்பெண்: தெரு உயிர்ப்பு. ஒவ்வொரு நகரத்திலும் பேர்போன ஒரு மூலையில் மூன்று நாள், பதினொன்றிலிருந்து இரண்டு வரை, நடந்து போகிறவர்களை எண்ணவேண்டும். மூலைகளைத் தேர்ந்தெடுத்தவள் இனெஸ். வினிபெக்குக்கு அவள் எழுதியது போர்டேஜும் மெயினும் சேரும் சந்திப்பு. அந்தப் பெயரைக் கேட்காதவர் நாட்டில் உண்டா?

“இங்க யாரும் நடக்க மாட்டாங்களே,” என்றான் அவன், அவள் விஷயத்தைச் சொன்னதும்.

“ஏன்?”

“குறுக்கே நடக்கக் கூடாது. சட்டம். நாப்பது வருஷமா இப்படித்தான். அந்தச் சுவரைப் பாருங்க.”

அப்போதுதான் பார்த்தாள். சாலையோரம் முழுக்க இடுப்பளவு கான்கிரீட் சுவர். எதிர்ப்பக்கம் போகவேண்டுமானால் படியிறங்கி, தரைக்குக் கீழே சுற்றி வரவேண்டும். நாட்டிலேயே பேர்போன மூலை... மனிதர் கடக்க முடியாத மூலை! டொரன்டோ மேஜையில் உட்கார்ந்து வரைபடம் பார்த்தவளுக்கு இது எப்படித் தெரியும்?

“அப்போ நீங்க மட்டும் இங்க என்ன பண்றீங்க?” என்று சீறினாள்.

அவன் தன் பரீட்சை அட்டையைத் தூக்கிக் காட்டினான். அதில் ஒரு தாள், கயிற்றில் கட்டிய பென்சில். “நானும் எண்ணறேன். நகரசபை வேலை. இந்தச் சுவரை எடுக்கலாமா வேண்டாமான்னு ஊரே சண்டை போடுது. சுவர்கிட்ட யாராவது வந்து நிக்கறாங்களான்னு பார்க்கணும். என் பேர் எய்நார்.”

எண்ணுகிறவனை எண்ண வந்தவள்! இனெஸுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. தாளை எட்டிப் பார்த்தாள்.

*திங்கள்: ஒன்று. பெண். மஞ்சள் மஃப்ளர், ஓரத்தில் பச்சைப் பொத்தான். நின்று ஏதோ எழுதினாள்.*

*செவ்வாய்: ஒன்று. அதே பெண்.*

*புதன்: ஒன்று. அதே பெண். பேசவில்லை.*

மஃப்ளரின் ஓரத்தை அவள் விரல்கள் தேடின. பச்சைப் பொத்தான்... யாரோ கிழிசலை மறைக்கத் தைத்த ஒற்றைப் பொத்தான். விமான நிலையத்திலிருந்து அழைத்துவந்த டாக்சிப் பெரியவர், ‘இந்த ஊர்ல கழுத்தைத் திறந்து போட்டா மூக்கு தனியா கழண்டு வந்துடும்மா’ என்று பின்சீட்டில் யாரோ விட்டுப்போன இதை அவள் கழுத்தில் சுற்றிவிட்டார். இன்று காலை. ஒன்பதரை மணிக்கு.

உடம்பு சில்லிட்டது. அது குளிரினால் அல்ல.

மறுநாள் அவள் வரமாட்டாள் என்றுதான் அவன் நினைத்திருந்தானாம். வந்தாள். பிடிவாதம்! வேலையை விட்டு ஓடினாள் என்று பெயர் வாங்க அவளுக்கு இஷ்டமில்லை. இன்னொரு காரணமும் இருந்தது. இரவெல்லாம் அந்தக் கண்களின் நிறத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தாள். சாம்பல்தான் என்று முடிவுக்கு வந்தாள். காலையில் பார்த்தால் நீலம்.

ஒரு மணிக்கு அவள் விரல் மரத்துப் பென்சில் கீழே விழுந்தது. “வாங்க, டொரன்டோக்காரம்மா. பத்து நிமிஷம் கீழ போய்ச் சூடாகிட்டு வரலாம். மேல யாரும் வந்துட மாட்டாங்க, பயப்படாதீங்க,” என்றான்.

கீழே இறங்கியவள் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். தரைக்கடியில் வட்டமான பெரிய கூடம். அங்கே ஜனம்... ஜனமோ ஜனம்! கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, சூப்புக் கிண்ணத்தோடு, கதை பேசிக்கொண்டு, ஒரு மூலையில் யாரோ பிடில் வாசிக்க... தலைக்குமேல் செத்துக் கிடந்த ஊர், காலுக்குக் கீழே கலகலத்தது.

“இத்தனை பேரும் இங்கயா இருக்காங்க?”

“வேற எங்க? குளிர்ல மேல நின்னு சாகவா? ஜனவரில எங்க ஊரைத் தெருவுல தேடற ஒரே ஆள் நீங்கதான்.”

“விதிப்படி தெருவுல நடக்கறவங்களை மட்டும்தான் எண்ணணும்...”

“சரி, உங்க தாள்ல இப்போ எத்தனை?”

அவள் முகம் சிவந்தது. “ஒண்ணு.”

“யாரது?”

“தெரியாத மாதிரி கேட்காதீங்க.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். கூடத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். “என் தாள்ல நீங்க ஒண்ணு... உங்க தாள்ல நான் ஒண்ணு! நாப்பது வருஷத்துல அந்த மூலைக்கு இதுதான் திருவிழா.”

பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தான். மெல்லிய அடுக்குகளுக்கு நடுவே உலர்ந்த பிளம் பழக் கூழ் தடவிய கேக். “சித்தி செஞ்சது. ஏழு அடுக்கு, எண்ணிப் பாருங்க. ஆறு இருந்தா எங்க சித்தி அதைக் கேக்குன்னே ஒத்துக்க மாட்டா. அவளும் உங்களை மாதிரி மார்க் போடற ஆளுதான்.”

“எய்நார்... அந்த மூணு நாள்... அது யாரு?”

அவன் கேக்கைக் கீழே வைத்தான்.

“சொன்னா சிரிக்கக் கூடாது. எங்க ஆளுங்க ஐஸ்லாந்துல இருந்து இங்க வந்து நாலஞ்சு தலைமுறை ஆச்சு. இதை மட்டும் விடாம கூடவே கொண்டுவந்துட்டாங்க. ஒருத்தர் ஒரு இடத்துக்குப் போகறதுக்கு முன்னால, நிழல் மாதிரி அவங்ககூட இருக்கறது ஒண்ணு முந்திக்கிட்டு அங்க போய் நிக்கும். எங்க வீட்டு வாசல்ல பூட்ஸ் உதறற சத்தம் கேட்கும். சித்தி காபி போட ஆரம்பிச்சிடுவா. கதவைத் திறந்தா யாரும் இருக்க மாட்டாங்க. அரைமணி கழிச்சு விருந்தாளி வருவார். காபி சூடா இருக்கும்.”

“எல்லாருக்கும் அப்படி நடக்குமா?”

“மனசு முன்னாடியே கிளம்பிட்டவங்களுக்குத்தான் நடக்குமாம்.”

“நான் இந்த ஊருக்கு வரவே விரும்பலை!”

“உங்க மனசு உங்ககிட்ட சொல்லாம கிளம்பியிருக்கும்.”

அவள் கேக் அடுக்குகளை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டாள். ஏழுதான்.

“அது எப்படி வருதுன்னு பார்க்கணும்,” என்றான் அவன், குரல் தாழ்ந்து. “நல்லா வந்தா ஆளும் நல்லா வருவார். நொண்டிக்கிட்டு வந்தா வழியில ஆபத்து. ஒருதரம் சித்தப்பா ஏரியில மீன்பிடிக்கப் போயிருந்தார். சாயங்காலம் வாசல்ல பூட்ஸ் சத்தம். ஒத்தைக் கால் சத்தம். சித்தி காபி வெச்சா.”

“அப்புறம்?”

“ஏரியில பனிக்கட்டி உடைஞ்சிடுச்சு. காபி ஆறிப்போச்சு.”

சனிக்கிழமை, கடைசி நாள். மூன்று சூரியனுக்குக் கீழே இரண்டு பேர் சுவரோரம் நின்றார்கள். அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பாள், மூச்சு மட்டும் வெள்ளையாக வரும். இரண்டு மணிக்கு அவன் பென்சிலைக் கட்டி வைத்தான்.

“கடைசி இடம் குடுத்தாலும் எனக்குக் கவலையில்லை, இனெஸ். பழகிப்போச்சு. ஆனா உங்க தாள்ல இருக்கற அந்த ஒண்ணை மட்டும் அழிச்சிடாதீங்க. என்னை யாரும் இதுவரைக்கும் எண்ணினதில்லை.”

“அழிக்க மாட்டேன். சத்தியமா...”

சத்தியம்! டொரன்டோ அலுவலகத்தின் ஏழாவது மாடியில் அது எத்தனை நாள் தாங்கும்? பத்திரிகை ஆசிரியை லொரெய்ன் தாளைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“மூணு நாள்ல ஒரே ஒருத்தனா! ஒண்ணுன்னு போட்டா பாவமா இருக்கும்டீ. பூஜ்யம்னு போடு, தலைப்பு பிரமாதமா வரும். அடுத்த வருஷம் பட்டியல் பொறுப்பு முழுக்க உனக்குத்தான்.”

‘அந்த மூலையைக் கடக்கவே கூடாது, ஊர் கீழே இருக்கிறது, தப்பு என்னுடையது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூலையைத் தேர்ந்தெடுத்தது அவளல்லவா? அத்தனை பேர் முன்னால் அசடு வழிய அவள் கர்வம் இடம்கொடுக்கவில்லை. பேசாமல் இருந்துவிட்டாள். முதல் இடம், டொரன்டோ. இருபத்தைந்தாம் இடம், வினிபெக். *தெருவில் ஒரு மனிதர்கூட இல்லாத ஊர்.*

பட்டியல் வந்த ஐந்தாம் நாள் ஓர் உறை வந்தது. உள்ளே எய்நாரின் வியாழக்கிழமைத் தாள். *ஒன்று. பெண். மூச்சு வருகிறது.* அடியில் ஒரே வரி: *நான் அழிக்கலை.*

இனெஸ் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். வராதபோதே என்னை எண்ணினான்... வந்து எதிரே நின்றவனை நான் அழித்துவிட்டேனே! போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை லொரெய்ன் எதிரே போய் நின்றாள்.

“திருத்தம் போடணும். பூஜ்யம் இல்லை, ஒண்ணு. மூலையைத் தேர்ந்தெடுத்தது என் தப்புன்னும் போடணும்.”

“ஒரு ஆளுக்காகத் திருத்தமா? ஊரே சிரிக்கும். பட்டியல் பொறுப்பை அப்புறம் உனக்கு எப்படித் தர்றது?”

“வேற யாருக்காவது குடுத்துடுங்க. எனக்குத் திருத்தம் வந்தா போதும்.”

அன்று மாலையே பத்திரிகையின் இணையப் பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் வந்தது. அலுவலகமே சிரித்தது. வினிபெக்கிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

திங்கட்கிழமை மதியம், ஜன்னல் வழியே கீழே பார்த்தாள்.

யங் தெருவும் டன்டாஸ் தெருவும் சேரும் சந்திப்பு. விளக்கு மாறியதும் நாலாபக்கமும் ஆயிரம் பேர் பாய்வார்கள். அந்த ஆயிரம் பேருக்கு நடுவே அசையாமல் ஒருவன். செம்பட்டைத் தாடி, கையில் பரீட்சை அட்டை. கூட்டம் அவனை இடிக்காமல் இரண்டாகப் பிரிந்து போனது. யாரும் அவனைப் பார்க்கவில்லை.

படிகளில் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். “எய்நார்!” ஒரு டிராம் குறுக்கே போயிற்று. போன பிறகு அங்கே யாருமில்லை.

செவ்வாயன்று அவள் கீழே மூலையிலேயே காத்திருந்தாள். அன்றும் வந்தான். இரண்டு முழம் தள்ளி நின்றான். எல்லோர் வாயிலிருந்தும் மூச்சு வெள்ளையாக வந்தது. அவன் வாயில் மட்டும் வரவில்லை. கூப்பிட்டாள். திரும்பவில்லை. பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் நெஞ்சு கூத்தாடியது. வருகிறான்... வருகிறான்! ஒரு தாளை எடுத்து எழுதினாள். *திங்கள்: ஒன்று. செவ்வாய்: ஒன்று.*

புதனன்று வந்தபோது நொண்டிக்கொண்டு வந்தான்.

வலக்கையில் உறை இல்லை. விரல்களைக் கக்கத்தில் செருகியிருந்தான். புருவம் வரை பனி. இனெஸ் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அலுவலகத் தொலைக்காட்சியில், இரண்டு ஊருக்கும் நடுவே சுப்பீரியர் ஏரிக்கரைப் பக்கம் புயல் என்றார்கள். விமானங்கள் இல்லை. வினிபெக்கிலிருந்து வரும் ஒரே சாலையும் மூடல். அவன் போன் அணைந்து கிடந்தது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு இரண்டு காபி வாங்கிக்கொண்டு மூலைக்கு வந்தாள். கழுத்தில் மஞ்சள் மஃப்ளர். இன்று நிழல்கூட வரவில்லை. பன்னிரண்டு. ஒன்று. அவனுக்கென்று வாங்கிய கோப்பையைத் தொட்டுப் பார்த்தாள். ஆறத் தொடங்கியிருந்தது.

*காபி ஆறிப்போச்சு.*

“இல்லை... ஆற விடமாட்டேன்!” வாய்விட்டே சொன்னாள். ஓடிப்போய் வேறொன்று சூடாக வாங்கி வந்தாள். அது ஆறுவதற்குள் இன்னொன்று. கடைக்காரப் பெண், “யாருக்கும்மா இத்தனை?” என்று கேட்டாள். “வழியில இருக்கார்,” என்றாள் இனெஸ். ஐந்தாவது கோப்பை, ஆறாவது கோப்பை... கண்ணீர் கன்னத்தில் உறைந்து இழுத்தது. நாலரை மணிக்கு வெளிச்சம் மங்கியது. ஏழாவது கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கண்ணை மூடி நின்றாள்.

“மூணு நாளா நிக்கறீங்க போல... காபி எனக்கா?”

அவள் கண்ணைத் திறக்கப் பயந்தாள். திறந்து முதலில் பார்த்தது அவன் வாயை. புகைபுகையாக மூச்சு! அந்த மூச்சைப் பார்த்து இத்தனை சந்தோஷப்பட முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

“மூச்சு வருது...” என்று விம்மினாள்.

அவன் காலை இழுத்து இழுத்துக் கிட்டே வந்தான். வலக்கையில் கட்டு. “சாலையில ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. டிரைவரை வெளிய இழுக்கறப்போ கால் பிசகிடுச்சு. கையுறை போன இடம் தெரியலை. போனும் அந்தப் பனிக்குள்ளதான் எங்கயோ கிடக்கு. ராத்திரி சாலையைத் திறந்ததும் நேரா வந்துட்டேன். உங்க திருத்தத்தை வெள்ளிக்கிழமையே படிச்சேன், இனெஸ். மனசு அப்பவே கிளம்பிடுச்சு. கார்தான் கிளம்பலை... கோபத்துல மின்கம்பியைச் செருக மறந்து எஞ்சின் உறைஞ்சுபோச்சு.”

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்தது. தாளை நீட்டினாள். *திங்கள்: ஒன்று. செவ்வாய்: ஒன்று. புதன்: ஒன்று. நொண்டுகிறார்.*

“ஆயிரம் பேர் நடக்கற மூலையில ஒரே ஒருத்தரையா எண்ணினீங்க?”

“ஒருத்தரைத்தான். உன்னை அழிச்சது தப்பு, எய்நார். எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. அந்த முதல் காபியிலிருந்தே பிடிச்சிருக்கு... அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரலை.”

அவன் கட்டுப்போட்ட கையால் அவள் கன்னத்துப் பனியைத் துடைத்தான். கண்கள் நீலம்தான். சந்தேகமேயில்லை.

“ஒரு விஷயம் கேட்கணும்,” என்றான். “வழியில ஒரு பெட்ரோல் பங்க்ல இருந்து ஊருக்குப் பேசினேன். எனக்குப் பதிலா அந்த மூலையில வால்டர்னு ஒருத்தர் எண்ணறார். ரொம்ப பயந்துபோயிருக்கார். செவ்வாய்க்கிழமையில இருந்து சுவரோரம் ஒரு பொண்ணு நிக்கறாளாம். மஞ்சள் மஃப்ளர், பச்சைப் பொத்தான். கூப்பிட்டா திரும்பறதில்லையாம். பெரிய பெட்டி ஒண்ணு பக்கத்துல வெச்சிருக்காளாம்.”

இனெஸின் கை தானாகக் கழுத்துக்குப் போய் அந்தப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை உடம்பு சில்லிடவில்லை.

“இருபத்தஞ்சாவது இடத்து ஊருக்கு,” என்றான் அவன், “முதல் இடத்து ஊர்ல இருந்து யாரும் பெட்டியோட வந்ததில்லை. உன் மனசு மறுபடியும் உன்கிட்ட சொல்லாமலே கிளம்பிடுச்சா?”

“இல்லை,” என்றாள் இனெஸ். சூடான கோப்பையை அவன் கையில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்தாள். “இந்தத் தடவை என்கிட்ட சொல்லிட்டுத்தான் போச்சு.”